நிலைமேல் கஜலட்சுமி: கணினியில் பிரஷ் பிடித்துச் செதுக்குவது பற்றி

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தேவகோட்டையில் அப்பாவுக்கு மரவேலை. ஒரு பழைய வீட்டின் தலைவாசல் நிலைக்கு மேலிருந்த கஜலட்சுமிப் பலகை மழைத்தண்ணீர் இறங்கி உளுத்துப்போய்விட்டது. அதே அளவில் புதிது வேண்டும்: 900 மி.மீ. அகலம், 300 மி.மீ. உயரம், 18 மி.மீ. புடைப்பு. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் நீங்களே செய்து, கணினி ஓட்டும் எந்திரத்தில் வெட்டித்தரும் சிஎன்சி பட்டறையில் கொடுத்து ஒருமுறை வெட்டியும் பார்த்துவிட்டீர்கள். குறைகள் மூன்று. கன்னமும் வயிறும் மேடும் பள்ளமுமாக இருக்கின்றன, ஸ்மூத் பிரஷால் எவ்வளவு வழித்தாலும் போகவில்லை. யானையின் தும்பிக்கையை இழுத்தால் ஜவ்வு மாதிரி நீண்டு முக்கோணம் முக்கோணமாகத் தெரிகிறது. திரையில் களையாக இருந்த முகம் மரத்தில் சப்பையாக வந்துவிட்டது. "எந்த பிரஷ் வாங்கணும் அண்ணே?" என்று முடித்திருக்கிறீர்கள்.

ஒன்றும் வாங்க வேண்டாம். பிளெண்டரோடு வருகிற பிரஷ்களில் ஆறேழு தெரிந்தால் இந்தப் பலகைக்குப் போதும். முதல் இரண்டு குறைகளுக்கும் காரணம் பிரஷ்ஷுக்கு அடியில் இருக்கும் வலை. மூன்றாவது குறை தனி, அது ஆழத்தைப் பங்கு போட்ட விதத்தில் வந்தது.

பிரஷ் என்கிறோமே தவிர அது எதையும் பூசுவதில்லை, சீவுவதும் இல்லை. மேற்பரப்பு என்பது புள்ளிகளை இணைத்துக் கட்டிய வலை. பிரஷ் வட்டத்துக்குள் சிக்கும் புள்ளிகளை வெளியே தள்ளும், உள்ளே அமுக்கும், அல்லது பக்கத்தில் நகர்த்தும். டைன்டோபோ என்ற வசதியைப் போட்டிருந்தாலொழிய ஒரு புள்ளிகூடப் புதிதாகப் பிறக்காது. வலையின் கோடுகளைக் காட்டும் வயர்ஃபிரேமை ஒருமுறை போட்டு உங்கள் லட்சுமியைப் பாருங்கள். எடுத்த எடுப்பிலேயே வலையைப் பிரித்துப் பிரித்து 20 லட்சம் முகங்களுக்கு, அதாவது வலைக்கண்களுக்கு, கொண்டுபோய்விட்டுத்தான் செதுக்க ஆரம்பித்ததாக எழுதியிருக்கிறீர்கள். வலை நெருக்கமாக இருந்தால் நுணுக்கம் வரும் என்ற எண்ணத்தில் எல்லாரும் முதலில் இதைத்தான் செய்கிறோம்.

ஸ்மூத் ஏன் தோற்றது என்பதை அப்பாவின் இழைப்புளியை வைத்தே சொல்லலாம். கோணலான பலகையைச் சின்ன இழைப்புளியால் இழைத்தால் அது பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறிப் போகும். பலகை பளபளக்கும், கோணல் அப்படியே இருக்கும். நீள இழைப்புளியின் அடிக்கட்டை இரண்டு மேடுகளின் மேல் உட்காருவதால் மேடு மட்டும்தான் சீவப்படும். ஸ்மூத் பிரஷ் ஒவ்வொரு புள்ளியையும் அதற்கு அண்டையிலுள்ள புள்ளிகளின் சராசரி இடத்துக்கு நகர்த்துகிறது. அண்டைப் புள்ளி அரை மி.மீ. தூரத்தில் இருந்தால் அது பார்க்கும் உலகமே அரை மி.மீ.தான். கன்னத்திலிருக்கும் மேடோ 20 மி.மீ. அகலம், அதன் குறுக்கே 40 புள்ளிகள். எத்தனை முறை வழித்தாலும் தோல் வழவழப்பாகும், மேடு நிற்கும். புள்ளிகள் 5 மி.மீ. தள்ளியிருந்தால் அதே மேட்டின் குறுக்கே நாலு புள்ளிகள்தான். இரண்டு தடவை வழித்தால் அமுங்கிவிடும். பெரிய வடிவத்தின் குறையைப் பெரிய கண்ணுள்ள வலையில்தான் திருத்த முடியும்.

அதனால் பழைய கோப்பைத் திருத்துவதைவிட, வருத்தப்படாமல் புதிதாகத் தொடங்குங்கள். உங்களுக்கு ஏற்கெனவே கை பழகிவிட்டது, இரண்டாவது முறை பாதி நேரம்கூட ஆகாது.

தொடங்கும்போது அளவுகளைச் சரி செய்துகொள்ள வேண்டும். பிளெண்டரின் ஓர் அலகை ஒரு மில்லிமீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்கு அனுப்பும் எஸ்டிஎல் கோப்பில் அலகின் பெயர் போகாது, வெறும் எண்தான் போகும். பட்டறைக்காரரின் மென்பொருள் 900 என்பதை 900 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளும். பலகை பெரிதாக இருப்பதால் திரையில் பாதி மறைந்தால் வியூ அமைப்பில் கிளிப் எண்ட் மதிப்பை உயர்த்துங்கள். இன்னொன்று, கனசதுரத்தை இழுத்துப் பலகையாக்கிய பிறகு கண்ட்ரோல்-ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்யாமல் (நீட்டின அளவையே பொருளின் சொந்த அளவாக்காமல்) செதுக்குவதற்கான ஸ்கல்ப்ட் மோடுக்குள் போகாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் நீட்டின பொருளில் பிரஷ்ஷின் வட்டம் ஒழுங்காக வேலை செய்யாது, வலையைப் புதிதாகக் கட்டும் ரீமெஷ்ஷும் கோணலாக விழும். ஸ்கேல் அப்ளை ஆகாத ஒரு தூணின் மேல் இரண்டு நாள் வீணாக்கியிருக்கிறேன்.

வலையின் கண்ணைத் தீர்மானிப்பது வாக்ஸல் ரீமெஷ். 2019 நவம்பரில் வந்த 2.81 பதிப்பிலிருந்து இது பிளெண்டரில் இருக்கிறது. வாக்ஸல் அளவை, அதாவது வலைக்கண்ணின் அகலத்தை, கொடுத்துக் கண்ட்ரோல்-ஆர் அழுத்தினால் மொத்த உருவத்துக்கும் ஒரே சீரான புது வலை கட்டித்தரும். உங்கள் பலகைக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 6 மி.மீ. வாக்ஸல் என்றால் முன்பக்கத்தில் நீளவாக்கில் 150, உயரவாக்கில் 50 கட்டங்கள், ஆக 7,500. பின்பக்கமும் சேர்த்துச் சுமார் 15,000 முகங்கள். 3 மி.மீ. என்றால் 60,000. 1.5 மி.மீ. என்றால் 2.4 லட்சம். 0.75 என்றால் 9.6 லட்சம். புடைப்பு இருப்பதால் கொஞ்சம் கூடும். வாக்ஸலைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் முகங்கள் நான்கு மடங்காகின்றன என்பதை மனதில் வைத்துக்கொண்டால் கணினி திணறாது.

6 மி.மீ. கண்ணில் லட்சுமியின் முகத்துக்குக் குறுக்கே எட்டுப் புள்ளிகள்தான் கிடைக்கும். மூக்கு வைக்க முடியாது, கண் வைக்க முடியாது. அந்தக் கட்டத்தில் அதுதான் நமக்கு வேண்டும். தலை எங்கே, தோள் எவ்வளவு அகலம், மடித்த முழங்கால் எவ்வளவு முன்னே வருகிறது, யானைகள் எந்தச் சாய்வில் நிற்கின்றன என்பவற்றை மட்டும் பார்க்க முடியும். காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளின் முகப்பில் சுதை உருவங்கள் செய்தவர்களும் முதலில் முரட்டுச் சாந்தில் உடலைக் கட்டி, மேலே போகப் போக அரைத்த மெல்லிய சாந்துக்கு வந்தார்கள். முரட்டுச் சாந்தில் யாரும் வளையல் செய்ய மாட்டார்கள். நீங்களும் 6 மி.மீ. கண்ணில் திருத்த ஒன்றுமில்லை என்று தோன்றினால் மட்டும் 3-க்கு இறங்குங்கள். 3-இல் முகத்தின் தளங்கள், விரல்களின் கூட்டம், தாமரையின் பெரிய இதழ்கள். 1.5-இல் மூக்கு, உதடு, யானையின் காது, புடவை மடிப்பு.

1.5-க்குப் பிறகு நான் ரீமெஷ்ஷை நிறுத்திவிட்டு வலையைப் படிப்படியாகப் பிரித்துக் கீழ்ப்படியையும் வைத்துக்கொள்ளும் மல்டிரெஸ் மாடிஃபயர் போட்டு ஒரு படி பிரிப்பேன். நகையும் பூவேலையும் அந்த மேல்படியில். அதன் நன்மை பெரியது. எல்லாம் முடிந்தபின் கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது என்று தெரிந்தால், கீழ்ப்படிக்கு இறங்கிக் கன்னத்தை அமுக்கிவிட்டு மேலே வரலாம், காதோலை கலையாமல் கன்னத்தோடு சேர்ந்து நகர்ந்திருக்கும். மல்டிரெஸ் இருக்கும்போது வாக்ஸல் ரீமெஷ் செய்ய விடாது, அதனால் வடிவம் முடிந்தபின் போடுங்கள். டைன்டோபோ பிரஷ் போகிற இடத்தில் மட்டும் புள்ளிகளைச் சேர்க்கும். தனி உருவங்களுக்கு நல்லது. இந்த மாதிரிப் பலகைக்குச் சீரான வலையே மேல் என்பது என் கருத்து.

தும்பிக்கை விஷயமும் இதோடு தீர்ந்துவிடும். கிராப் பிரஷ் பிடித்த புள்ளிகளை இழுக்கிறது, ஆனால் இழுத்த தூரத்துக்குப் புதுப் புள்ளி தருவதில்லை, அதனால்தான் ஜவ்வு. விரற்கடை இழுத்து ரீமெஷ், மறுபடி இழுத்து ரீமெஷ் என்று போனால் ஜவ்வாகாது. இதைவிட நல்ல வழி, பெரியதில் தொடங்கிச் சின்னதாகப் போகும் ஆறேழு உருண்டைகளை வளைவாக அடுக்கி, யானையோடு ஜாயின் செய்து ரீமெஷ் போடுவது. எல்லாம் ஒரே உடலாகிவிடும். ரீமெஷ்ஷுக்கு மூடிய உருவம் வேண்டும், வெறும் தாள் மாதிரியான பரப்பில் அது சரியாக ஓடாது. வாக்ஸலைவிட மெல்லிய பாகம் இருந்தால் அது கிழிந்து காணாமல் போகும். 6 மி.மீ. கண்ணில் விரல்கள் மறைந்தால் பயப்படாதீர்கள், அவை அப்போது இருக்கவே கூடாது.

இனி பிரஷ்கள். குறுக்கு விசைகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் பெயரையே சொல்கிறேன்.

எனக்குப் பாதி வேலை கிராப்பில்தான் நடக்கிறது. பெரிய வட்டம், மெல்லிய இழுப்பு. தோளை இறக்க, இடுப்பை ஒடுக்க, முகவாயைத் தூக்க எல்லாவற்றுக்கும் அதுதான். சதை சேர்க்க கிளே ஸ்ட்ரிப்ஸ், சாந்தைக் கரண்டியால் பட்டை பட்டையாக அப்புவது போல வைக்கும். பட்டைகளைத் தசை ஓடும் திசையிலேயே போடுங்கள், கன்னத்தில் காதிலிருந்து வாய்க்கு, தொடையில் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு. கண்ட்ரோல் பிடித்தால் இதே பிரஷ் எடுக்கும். ஸ்க்ரேப் மேட்டை மட்டும் சீவித் தட்டையாக்கும், நான் சொன்ன நீள இழைப்புளி இதுதான். நெற்றியும் முழங்கால் சில்லும் ஸ்க்ரேப்பில் அழகாக வரும். டிரா பிரஷ் பரப்பின் சராசரித் திசையில் தள்ளும், இன்ஃப்ளேட் ஒவ்வொரு புள்ளியையும் அதனதன் திசையில் உப்பவைக்கும். யானையின் மத்தகத்துக்கும் விரல் நுனிக்கும் இன்ஃப்ளேட். புடவை மடிப்புக்கும் இமைக்கோட்டுக்கும் டிரா ஷார்ப் அல்லது கிரீஸ். ஷிஃப்ட் பிடித்தால் எந்த பிரஷ்ஷும் ஸ்மூத் ஆகும். அந்த ஷிஃப்டில்தான் பலருடைய வேலை கெடுகிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு ஒரு வழிப்பு என்று பழகிவிட்டால் தளங்கள் எல்லாம் கரைந்து, உருகின சோப்புக்கட்டி மாதிரி ஒரு முகம் மிஞ்சும்.

மேடு பள்ளத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, உங்கள் படத்தைப் பார்த்தால் அதுவும் நடந்திருக்கிறது. பிரஷ்ஷின் ஆரம் திரைக்கணக்கில் இருந்தால், முகத்தருகே ஸூம் செய்தவுடன் அதே வட்டம் பொருளின் மேல் சின்னதாகிவிடும். நூறு சின்னத் தடங்களால் ஒரு கன்னத்தைக் கட்டினால் நூறு மேடுகள் இருக்கத்தான் செய்யும். ரேடியஸ் யூனிட்டை வியூ என்பதிலிருந்து சீன் என்பதற்கு மாற்றுங்கள். பிறகு 30 மி.மீ. வட்டம் எந்தத் தூரத்தில் பார்த்தாலும் 30 மி.மீ.தான். எஃப் அழுத்தி அளவையும், ஷிஃப்ட்-எஃப் அழுத்தி வலுவையும் மாற்றலாம். வலு 0.2, 0.3 போதும். வட்டம் நீங்கள் செய்யும் வடிவத்தின் பாதி அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

மவுஸில் செய்வதாகச் சொன்னீர்கள். முடியும், ஆனால் மவுஸுக்கு அழுத்தம் தெரியாது. பழைய விலை குறைந்த பென் டேப்லெட் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அழுத்தத்தை வலுவோடு இணையுங்கள், அளவோடு வேண்டாம். அளவும் சேர்ந்து மாறினால் தடத்தின் அகலம் கைக்கு அடங்காது. நகை, கொடி போன்ற நீளக் கோடுகளுக்கு ஸ்டெபிலைஸ் ஸ்ட்ரோக் போட்டுக்கொண்டால் கைநடுக்கம் கோட்டில் இறங்காது. பலகையின் ஓரத்தில் ஓடும் முத்துவரிசைக்கு டிரா பிரஷ்ஷில் ஸ்பேஸிங்கை 100 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றி நேர்கோட்டில் இழுத்தால் முத்து முத்தாக விழும்.

பலகைவேலையில் மட்டும் வருகிற ஒரு ஆபத்து: மரம் மெல்லியது, பிரஷ்ஷின் பிடி ஓர் உருண்டை. முன்பக்கம் அமுக்கும்போது பின்பக்கப் புள்ளிகளும் அந்த உருண்டைக்குள் சிக்கிப் பின்னால் பிதுங்கும். என் முதல் பலகையின் அடிப்பக்கம் முழுக்க இப்படிக் கொப்புளங்கள் இருந்ததை வெட்டுக்கு ஏற்றும்போதுதான் பார்த்தேன். ஃப்ரண்ட் ஃபேஸஸ் ஒன்லி என்பதை இயக்குங்கள், பிரஷ் தொடாதபடி பின்பக்கத்துக்கு மாஸ்க்கும் போட்டுவிடுங்கள்.

ஒரு பக்கம் செய்வதை மறுபக்கமும் தானே செய்யும் எக்ஸ் சமச்சீரை 3 மி.மீ. கட்டம் வரை வைத்துக்கொள்ளலாம். இரண்டு யானைகளும் மேற்கைகளின் தாமரைகளும் ஒரே நேரத்தில் வளரும். அதன்பின் அணைத்துவிடுங்கள். கீழ்க்கைகளில் ஒன்று அபயம், ஒன்று வரதம், அவை எப்படியும் வேறு. பழைய பலகைகளில் இடது யானைக்கும் வலது யானைக்கும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும், கண் அதைத்தான் உயிர் என்று எடுத்துக்கொள்கிறது.

இப்போது சப்பை முகம். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

முழு உருவமாகச் செய்துவிட்டு, ஆழத்தை மட்டும் சுருக்கிப் பலகையில் ஒட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முதுகிலிருந்து முழங்கால் வரை 120 மி.மீ. ஆழமுள்ள உருவத்தை 18-க்குச் சுருக்கினால் எல்லாமே 0.15 மடங்காகும். முகத்திலிருந்து 8 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்த மூக்கு 1.2 மி.மீ. ஆகிவிடும். உப்புத்தாள் தேய்த்தால் அதிலும் கொஞ்சம் போய்விடும். புடைப்புச் சிற்பம் என்பது நசுக்கிய முழுச்சிற்பம் இல்லை. பிள்ளையார்பட்டிக்குப் போகும்போது கற்பக விநாயகரை இந்தக் கண்ணோடு பாருங்கள். பாறையோடு ஒட்டிச் செதுக்கிய சுமார் 6 அடி உருவம். செதுக்கினவருக்குக் கல்லைச் சேர்க்க வழியில்லை, இருக்கிற பாறைக்குள்தான் எது முன்னே, எது பின்னே என்று தீர்மானித்தாக வேண்டும். விளக்கொளியில் வயிறும் தும்பிக்கையும் அப்படித் திரண்டு வருகின்றன.

உங்கள் 18 மி.மீ.யைப் பணம் மாதிரி செலவு பண்ணுங்கள். நான் பிரிப்பது இப்படி: பலகையின் தளம் 0, பின்னாலுள்ள திருவாசி 3, யானை உடல் 8, யானைத் தலை 11, லட்சுமியின் கைகள் 10, மார்பு 12, முழங்கால் 15, மூக்கு நுனியும் கிரீடத்தின் முன்விளிம்பும் 18. முகத்தின் ஓரத்துக்கும் மூக்கு நுனிக்கும் நடுவே 7, 8 மி.மீ. கிடைக்கும். உடலுக்குச் சேர வேண்டிய ஆழத்தை எடுத்து முகத்துக்குக் கொடுக்கிறோம். உடல் கொஞ்சம் தட்டையாக இருந்தால் யாருக்கும் தெரியாது, முகம் தட்டையானால் தெருவில் போகிறவருக்கும் தெரியும். ஒவ்வொரு பாகத்தையும் அந்தந்த உயரத்தில் தட்டையான தகடாக வைத்து, ரீமெஷ்ஷில் ஒன்றாக்கி, அதன்பின் கிளே ஸ்ட்ரிப்ஸாலும் ஸ்க்ரேப்பாலும் உருட்டுங்கள். ஒரு பாகம் இன்னொன்றின் மேல் ஏறும் விளிம்பைக் கிட்டத்தட்ட செங்குத்தாக இறக்குங்கள். அங்கே விழும் நிழல்தான் ஆழம் இருப்பதாகக் கண்ணை நம்பவைக்கிறது. அப்பா உளியை விளிம்பில் நேராக நிறுத்தி கொட்டாப்புளியால் அடித்து இறக்குவார் இல்லையா, அதேதான்.

பலகை நிலைக்கு மேலே இருக்கப்போகிறது. பார்ப்பவர் கண் அதற்குக் கீழே. அதனால் நெற்றியும் கிரீடமும் முகவாயைவிட 3 மி.மீ. முன்னே வரட்டும், முகம் குனிந்து வாசலில் நிற்பவரைப் பார்க்கும். கேமராவையும் கீழிருந்து பார்க்கும்படி வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

வெளிச்சம் இன்னொரு காரணம். திரையில் உருவத்தின் மேல் போட்டுக்கொள்ளும் மேட்கேப் என்ற தயார் பூச்சின் வெளிச்சம் உங்கள் பார்வையோடு கூடவே சுற்றும், எல்லா முகத்தையும் அழகாகக் காட்டும். பள்ளங்களை அழுத்திக் காட்டும் கேவிட்டி என்ற வசதி இருந்தால் இல்லாத பள்ளத்துக்கும் கறுப்புக் கோடு போடும். இரண்டையும் அணைத்துவிட்டு, பக்கவாட்டில் தாழ்ந்த ஒரே விளக்கை வைத்துப் பாருங்கள். திண்ணையில் காலை வெயில் சாய்ந்து விழுவது போல. அதில் தெரியாதது தேக்கில் தெரியாது.

வெட்டைப் பற்றிச் சுருக்கமாக. மூன்று அச்சு எந்திரம் மேலிருந்து மட்டும்தான் இறங்கும், அடிப்பக்கம் குடைந்த காது மடலை அது நிரப்பிவிடும். 3 மி.மீ. உருண்டை நுனிக் கத்தி, ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் 0.3 மி.மீ. இடைவெளி என்றால் 300 மி.மீ. உயரத்துக்கு 1,000 ஓட்டம், ஒவ்வொன்றும் 0.9 மீட்டர். நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் 5 மணி நேரம். 1 மி.மீ. நுனியில் 0.1 இடைவெளி என்றால் 3,000 ஓட்டம், 15 மணி நேரம். பட்டறை வாடகையை நினைத்தால் முழுப் பலகையையும் 3 மி.மீ.யில் வெட்டி, முகம், கைகள் இரண்டையும் மட்டும் 1 மி.மீ.யில் ஓட்டச் சொல்வதுதான் சரி. ஆகவே யானை உடலில் 3 மி.மீ.க்கும் குறுகலான பள்ளங்களைச் செதுக்கிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தக் கத்தி அதற்குள் நுழையாது.

கண்ணையும் இதழோரத்தையும் கணினியில் முடிக்காதீர்கள். இமையின் திரட்சியை மட்டும் விட்டு, அந்த இடங்களில் அரை மி.மீ. கூடுதல் மரம் நிற்கும்படி இன்ஃப்ளேட்டால் லேசாக உப்பவையுங்கள். உருண்டைக் கத்தி உள்மூலையைக் கூர்மையாக எடுக்காது, அப்பாவின் உளி எடுக்கும்.

முழுப் பலகையை மறுபடி வெட்டுமுன் முகத்தை மட்டும் 100 மி.மீ. சதுரமாகப் பிரித்து, மிஞ்சின தேக்குத் துண்டில் வெட்டி வாங்குங்கள். அதை அந்த வீட்டு நிலைக்கு மேலே, பழைய பலகை இருந்த இடத்தில் பிடிக்கச் சொல்லி, காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் தெருவில் நின்று பாருங்கள். மூக்கின் நிழல் எங்கே விழுகிறது என்று படம் எடுத்துப் போடுங்கள், மேலே என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.